சூடு ஆறாத தரை

மன்னார்குடி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜ் அறையில் அம்சம் துணி உலர்த்தக் கயிறு கட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி, குடித்தனமே நடத்தத் தொடங்கியிருந்தாள். ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. வீடு மட்டும் கிடைக்கவில்லை.

அவள் மலேசியாக்காரி. கெடா மாநிலத்தில் பிறந்தவள். கணவன் செல்லதுரைக்கு அங்கே நீர்ப்பாசன இலாகாவில் வேலை. காவிரிப் பாசனத்தையும் இங்கே புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த குட்டை நெல் ரகங்களையும் இரண்டு வருஷம் பார்த்துப் படித்து வரச்சொல்லி அந்த ஊர் அரசாங்கம் அவனை அனுப்பியிருந்தது. இருவருமே பால்மரத் தோட்டத்தில், ரப்பர் வெட்டும் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். இருவருடைய அப்பாக்களும் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கப்பலேறியவர்கள். எந்த ஊர் என்று அம்சத்தின் அப்பா கடைசிவரை வாய்திறக்கவில்லை. கேட்டால், "மாடு மாதிரி கட்டிப்போட்ட ஊருக்குப் பேரு என்னாத்துக்கு?" என்று எழுந்து போய்விடுவார்.

வீடு பார்க்கப் போன இடங்களிலெல்லாம் ஒரே கதைதான் நடந்தது. செல்லதுரைக்கு ஆபீஸ் ஜீப் ஓட்டும் துரைக்கண்ணு அழைத்துப் போவான். வீட்டுக்காரர்கள் வாசல்வரை வந்து வரவேற்பார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் பிரகதாம்பாள் என்ற அம்மாள் காபியே கொடுத்து உபசரித்தாள்.

"மலேயாவா! எங்க சித்தப்பா பினாங்குல கடை வச்சிருந்தாரே. சமையக்கட்டப் பாருங்க, எவ்வளவு வெளிச்சம்!" என்றவள், அம்சம் பாதிக் காபி குடித்திருக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "பூர்வீகம் எந்த ஊரு? எந்தத் தெரு?"

"தஞ்சாவூர் ஜில்லான்னு மட்டும் தெரியுங்க."

"அப்படியா" என்றாள் பிரகதாம்பாள். அந்த 'அப்படியா'வோடு வெளிச்சமான சமையலறை பூட்டிக்கொண்டது. மறுநாள் துரைக்கண்ணு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அவங்க பொண்ணு பிரசவத்துக்கு வர்றாங்களாம்மா." அடுத்த வீட்டிலும் மகள் பிரசவத்துக்கு வந்தாள். அதற்கடுத்த வீட்டில் மருமகள். அந்த மாதம் மன்னார்குடியில் பிள்ளை பெறாத பெண்ணே இல்லைபோல் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பஞ்சநதம் தானாக லாட்ஜுக்கு வந்தார். தாழைமூலை என்ற கிராமத்து மிராசுதார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, சாந்தமான குரல். "புது வீடு. ஓட்டு வீடுதான், ஆனா சிமெண்டுத் தரை, கரெண்டு, கைபம்பு எல்லாம் இருக்கு. ஊருக்குக் கொஞ்சம் ஒதுக்குப்புறம். உங்களுக்குச் சத்தமில்லாம இருக்கும். வந்து பாருங்களேன்."

ஊர், தெரு எதையும் அவர் கேட்கவில்லை. செல்லதுரைதான் பொறுக்காமல் தானே ஆரம்பித்தான். "நாங்க எந்த..."

"வெளிநாட்டுக்காரங்க எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதாங்க" என்று கையை உயர்த்தித் தடுத்துவிட்டார் பஞ்சநதம். "ஒண்ணே ஒண்ணு. தரையையோ கொல்லையையோ வெட்டிப்புட வேண்டாம். அவ்வளவுதான்."

கார்த்திகை பிறந்ததும் குடிபோனார்கள்.

சுற்றிலும் சம்பாப் பயிர் இடுப்பளவு நின்றது. முன்னால் வண்டிப்பாதை, பின்னால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் வயல், வயலைத் தாண்டி ஆற்றுக்கரை மேடு. கூப்பிடு தூரத்தில் வீடு கிடையாது. சுவரில் வெள்ளை இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. அம்சம் பால் காய்ச்சி, ஆளுக்கு ஒரு வாய் குடித்து, சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தாள். கூடத்தில் வடக்குச் சுவரோரம் நடந்தபோது உள்ளங்காலில் சூடு பட்டது.

நின்றாள். ஓர் அடி நகர்ந்தாள். குளிர்ந்த தரை. திரும்ப அந்த இடத்துக்கே வந்தாள். அடுப்பை இறக்கிவைத்த இடம் மாதிரி இதமான சூடு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வெயில் விழுந்த எடமா இருக்கும்" என்றான் செல்லதுரை.

"வெயில எங்கங்க பாத்தீங்க?"

அவனும் காலை வைத்துப் பார்த்தான். பிறகு, சிமெண்டு இறுகும்போது சூடு விடும் என்று ஏதோ விளக்கம் சொன்னான். இன்ஜினியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். எங்கிருந்தோ வந்த ஒரு சாம்பல்நிறப் பூனை மட்டும் அந்த விளக்கத்துக்கெல்லாம் காத்திருக்காமல் நேரே போய் அந்த இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது.

செல்லதுரை காலையில் ஜீப்பில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவான். பகலெல்லாம் அம்சம் தனியாள். தோட்டத்து லயத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கேட்கும். அப்படி வளர்ந்தவளுக்கு இந்த அமைதி புதிது. வீட்டில் இருக்கும்போது அங்கே போலவே பூப்போட்ட கைலியும் சட்டையும் போட்டுக்கொண்டு, ரேடியோவை வைத்துக்கொண்டு வேலை செய்வாள்; யாராவது வந்தால் சேலையைச் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்கு வருவாள். பால் ஊற்றவரும் முருகையன் வாசற்படியைத் தாண்ட மாட்டான். "பசியாறியாச்சா முருகையா?" என்று அவள் மலேசிய வழக்கில் கேட்டால் சிரிப்பான். ஆனால் பாத்திரத்தை வெளியே வைக்கச் சொல்லி, அங்கேயே ஊற்றிவிட்டுப் போய்விடுவான்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏன் உள்ளே வர மாட்டேங்கிற? இங்க யாராவது செத்துட்டாங்களா?"

"புது வீடும்மா. இதுல யாரு சாவப்போறா?" என்றான் அவன், வயலைப் பார்த்துக்கொண்டு. "யாரும் சாவல. அதான்."

'அதான்' என்றால் என்ன என்று அவள் கேட்பதற்குள் சைக்கிளை மிதித்துவிட்டான்.

முதலில் வந்தது வாசனை. உச்சிப்பொழுதில், ரேடியோவில் செய்தி முடிகிற நேரத்துக்குக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை கூடமெங்கும் பரவும். அம்சம் சமையலறைக்குப் போய்ப் பார்ப்பாள். ஸ்டவ் அணைந்திருக்கும். பின்கதவைத் திறந்தால் மழைமண் வாசனையும் பயிர் வாசனையும்தான். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தால் மறுபடியும் குழம்பு. சீக்கிரமே வாசனையோடு ஒரு சத்தமும் சேர்ந்தது. 'பூ... பூ...' என்று யாரோ ஊதுகுழலால் அடுப்பை ஊதும் சத்தம். நிறுத்தி மூச்சு வாங்கும். மறுபடி ஊதும். பூனை கண்ணைத் திறந்து சுவரோரம் யாரையோ அண்ணாந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்ளும்.

பூனை அப்படி இடம்விட்டுக் கொடுத்ததுதான் அம்சத்தைப் பயமுறுத்தியது.

கணவனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, அதற்குப் பதிலாக, "உனக்கு இங்க தனியா இருக்கிறது ஒத்துக்கல. பொங்கலுக்கு அப்புறம் வேற வீடு பாப்போம்" என்றான். வேறு வீடு என்றால் மறுபடி லாட்ஜ், மறுபடி அந்தக் காபி, அந்த 'அப்படியா'.

மார்கழியில் ஒருநாள் ஊதுகிறவளையே பார்த்தாள்.

வெளியே மழை விட்டிருந்தது. அம்சம் துவைத்த துணியோடு சமையலறையிலிருந்து கூடத்துக்குள் வந்தாள். வடக்குச் சுவரோரம் ஒருத்தி குந்தியிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். கண்டாங்கிச் சேலை, அள்ளி முடிந்த கொண்டை, தோளில் காய்ந்த சேறு. அவளைச் சுற்றி லேசாகப் புகை. முன்னால் அடுப்பும் இல்லை, பானையும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்துக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, "கதவச் சாத்துடி, காத்தடிக்குது" என்றாள்.

அம்சத்தின் கையிலிருந்த துணி விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக் குந்தியிருந்தவள் திரும்பினாள்.

அம்சம் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தது அந்த முகத்தைத்தான். மிரட்டுகிற முகம் இல்லை. பயந்துபோன முகம். கண்கள் அம்சத்தின் முகத்திலிருந்து கைலிக்கு இறங்கி, மறுபடி முகத்துக்கு ஏறின. வாய் திறந்து, "யாரு?" என்றாள். பேயைக் கண்டவள் கேட்பது மாதிரி.

அடுத்த கணம் சுவர்தான் இருந்தது. புகை மட்டும் கொஞ்சநேரம் நின்று கலைந்தது.

அம்சம் வெளியே ஓடிவந்து வண்டிப்பாதையில் நின்றாள். அங்கே நின்றபடி அவள் மனசில் ஓடிய யோசனை விசித்திரமானது. 'அவ வீட்டுக்குள்ள நான்தான் நுழைஞ்சிட்ட மாதிரி பாத்தாளே.'

இரண்டு நாள் கழித்து, வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வரப்போடு நடந்து ஆற்றுக்கரைக்குப் போனாள். மேடேறியதும் எதிர்பாராத காட்சி. கரையின் சரிவில் வரிசையாகத் தாழ்ந்த கூரைகள். பனையோலையும் கிழிந்த சாக்கும் போட்டு மூடியவை. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. கீழே ஆறு கலங்கலாக, கரையை நக்கிக்கொண்டு ஓடியது. ஒரு கூரைக்கு வெளியே மூன்று கல்லைக் கூட்டி, ஈரவிறகை ஊதிக்கொண்டு ஒருத்தி குந்தியிருந்தாள். கண்டாங்கிச் சேலை, அள்ளி முடிந்த கொண்டை.

அம்சம் நின்றுவிட்டாள். குந்தியிருந்தவள் திரும்பினாள். கையிலிருந்த அகப்பை நழுவிச் சேற்றில் விழுந்தது.

"ஆத்தாடி" என்றாள் அவள். "நீதானே... நீங்கதானே அங்க நின்னது? பூப்போட்ட கைலி கட்டிக்கிட்டு?"

அன்று அம்சம் சேலை கட்டியிருந்தாள். அந்த ஊரில் கணவனையும் பூனையையும் தவிர யாரும் அவளைக் கைலியில் பார்த்ததில்லை.

"உயிரோடதான் இருக்கீங்களா?" என்று இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவள் பெயர் செவ்வந்தி. புருஷன் குஞ்சிதபாதம். பஞ்சநதத்தின் பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த குடும்பம். பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு செவ்வந்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இப்ப நீங்க இருக்கிற வீடு இருக்கே, அதுதாம்மா எங்க கொல்லை. எங்க மாமனாரு காலத்துலேர்ந்து அங்கதான் குடிசை. எங்களுது ஒண்ணு, பங்காளிங்க குடிசைங்க நாலஞ்சு. மெட்ராசுல சட்டம் போட்டாங்களாமே, ஆனி மாசத்துல எவன் எங்க குடியிருந்தானோ அந்த மண்ணு அவனுக்கேன்னு. கட்சிக்காரவங்க வந்து கொட்டு அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. நாங்களும் நம்புனோம். ஆவணியில சம்பா நடவு. உலைய வச்சு, அரிசியப் போட்டு, பக்கத்துல கருவாட்டுக் குழம்பையும் ஏத்தி, வெறகத் தள்ளிவிட்டுட்டு நடவுக்கு எறங்கிட்டேன். பதினஞ்சு இருவது ஆளுவோ வந்து கூரையப் பிரிச்சிட்டாங்க. நான் சேத்துக் காலோட ஓடியாறேன், என் அடுப்பு மேல மண்ணத் தள்ளிக்கிட்டு இருக்காங்க. உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சும்மா. பானையோடயே மூடிட்டாங்க."

அம்சம் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னையிலேர்ந்து உச்சியானா எனக்குக் கண்ணு சொருகும்" என்றாள் செவ்வந்தி. "ஒடம்பு இங்கதான் குந்தியிருக்கும். கை அங்க போயி அடுப்ப ஊதும். அணைஞ்சிருச்சோ அணைஞ்சிருச்சோன்னு அடிச்சுக்கும். எங்க வீட்டுக்காரரு உலுக்குனா முழிச்சுக்குவேன். பேய் புடிச்சிருக்குன்னு வேப்பலை அடிச்சாங்க. முந்தாநேத்து உங்களப் பாத்ததும், சரிதான், நம்ம எடத்துல ஏதோ புகுந்திருச்சுன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல."

"நானும் சாப்பிடலக்கா" என்றாள் அம்சம்.

'அக்கா' என்ற சொல்லுக்குச் செவ்வந்தி கொஞ்சம் மிரண்டு பார்த்தாள். பிறகு அகப்பையை எடுத்துக் கழுவப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சநதம் வந்தார். செல்லதுரையும் இருந்தான். நாற்காலியில் அமர்ந்து, மழை, பயிர், விலைவாசி என்று பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். தாசில்தார் மறுநாள் விசாரணைக்கு வருகிறார். இங்கே குடிசை இருந்ததாக யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள்.

"நீங்க வர்றப்பவே இது பழைய வீடாத்தான் இருந்துச்சு, வெள்ளை மட்டும் புதுசுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெளிநாட்டுக்காரங்க வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தி."

"சுவத்துல ஈரம்கூடக் காயலீங்களே" என்றாள் அம்சம்.

பஞ்சநதம் அவள் பக்கம் திரும்பினார். குரல் மாறவில்லை, அதே சாந்தம். மரியாதை மட்டும் கழன்றது. "நீ யாரு, உங்கப்பன் எந்தப் பண்ணையிலேர்ந்து ஓடுனவன்னு விசாரிக்காமலா வீட்டக் குடுத்திருப்பேன்? தெரிஞ்சுதான் குடுத்தேன். நாளைக்கு எவனாவது வந்து இந்தாளு எங்க சனத்த வெரட்டிட்டான்னு சொன்னா, அவங்க ஆளையேதான் என் வீட்டுல குடிவச்சிருக்கேன்னு காட்டலாமில்ல?" எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "தம்பி, உங்க வேலை நல்லா நடக்கணும். சொல்லிவைங்க."

அவர் போன பிறகு செல்லதுரை வாசற்கதவைச் சாத்தித் தாழிட்டான்.

"நாம வந்தேறிங்க அம்சம். பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டுக் கப்பலேத்திடுவாங்க. நாளைக்கு நீ துரைக்கண்ணுவோட தஞ்சாவூருக்குப் போயிடு. பெரிய கோயிலப் பாத்துட்டு வா."

"நீங்க அந்த எடத்துல கைய வச்சுப் பாருங்க" என்றாள் அவள்.

அவன் போய்க் குந்தி, கையை வைத்தான். இன்ஜினியரின் கை. சிமெண்டு இறுகி மாதக்கணக்காகிறது என்பது அவனுக்குத் தெரியும். கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். அவன் அம்மா தோட்டத்தில் பால்வெட்டி வந்து அடுப்புப் பற்றவைக்கிற நினைப்பு வந்ததோ என்னவோ, "நாளைக்கு நானும் உன்னோடயே இருக்கேன். ஜீப்ப இங்கயே நிறுத்தச் சொல்றேன்" என்றான் கடைசியில்.

தாசில்தார் உச்சிப்பொழுதுக்குத்தான் வந்து சேர்ந்தார். கறுத்த, ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். பஞ்சநதமும் அவருடைய ஆட்கள் இரண்டுபேரும் கூடவே வந்தார்கள். கரையிலிருந்து வந்தவர்கள் வண்டிப்பாதையிலேயே ஒதுங்கி நின்றார்கள். செவ்வந்தி அவர்களுக்குப் பின்னால், தலைகுனிந்து, தூங்குகிறவள் மாதிரி.

"எப்ப வந்தீங்கம்மா?"

"கார்த்திகை ஒண்ணாந்தேதி சார். வெள்ளையடிச்சது கையில ஒட்டுச்சு. கதவுல வார்னிஷ் வாடை. இது புது வீடு சார்."

"அந்தம்மா வெளிநாடு. பழசு புதுசு என்னா தெரியும்?" என்றார் பஞ்சநதம்.

தாசில்தார் எழுதிக்கொண்டே கூடத்தில் நடந்தார். வடக்குச் சுவரோரம் வந்ததும் காலைச் சட்டென்று தூக்கினார். கீழே பார்த்தார். மறுபடி மெதுவாகக் காலை வைத்தார். அப்போதுதான் அந்த வாசனை எழுந்தது. கருவாட்டுக் குழம்பு. தொடர்ந்து ஊதுகுழல். 'பூ... பூ...' பஞ்சநதத்தின் ஆட்களில் ஒருவன் பின்னோக்கி நடந்தே வாசலுக்குப் போய்விட்டான்.

"யாரு சமைக்கிறது?" என்றார் தாசில்தார்.

"இங்க யாரும் சமைக்கல சார்" என்றான் செல்லதுரை.

"எனக்கு ஒரு வாடையும் வரலையே" என்றார் பஞ்சநதம். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அம்சம் வாசலுக்குப் போனாள். "குஞ்சிதபாதண்ணே, கடப்பாரை இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க." வரப்பு வேலைக்குக் கொண்டுவந்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவர் வழக்கப்படி வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போகத் திரும்பினார். "முன்வாசல் வழியாவே வாங்கண்ணே" என்றாள்.

தரையை உடைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் தாசில்தார். "நான் குடியிருக்கிற வீடு. ஒடைச்சதுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் அம்சம். பஞ்சநதம் கத்தினார். குஞ்சிதபாதம் படியில் ஒரு கணம் தயங்கி நின்றார். பிறகு உள்ளே வந்து, அவரைப் பார்க்காமல் கடப்பாரையை ஓங்கினார்.

சிமெண்டு விரல் கனம்கூட இல்லை. அடியில் நிரப்பிய மண். மண்ணை வழித்ததும் களிமண்ணில் பூசி மெழுகிய அடுப்பு, மூன்று குமிழோடு அப்படியே இருந்தது. மேலே நசுங்கிய மண்பானை, பக்கத்தில் உடைந்த குழம்புச் சட்டி. குஞ்சிதபாதம் ஓட்டுச் சில்லை விலக்கினார். உள்ளே சோறு. புழுத்திருக்கவேண்டும், மண்ணாகியிருக்கவேண்டும். ஆனால் வெள்ளையாக, மலர்ந்து, ஆவி பறக்க இருந்தது. சாம்பலைக் கிளறினார். ஒரு கங்கு சிவந்து கண் திறந்தது.

அந்த நேரத்தில் செவ்வந்தி ஜனங்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தூக்கத்தில் நடப்பவள் மாதிரி இல்லை இப்போது. கண் தெளிந்திருந்தது. உடைந்த ஓட்டை எடுத்து, கங்கை அதில் ஏந்தி, முந்தானையால் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தாள். வரப்பில் அவள் ஆற்றுக்கரைவரை போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடுப்பு இருந்தது என்று எழுதினார். பானை இருந்தது என்று எழுதினார். சோற்றையும் கங்கையும் பற்றி எழுதவில்லை. "அதெல்லாம் ஆபீசுல கேப்பாங்கம்மா" என்றார் தணிந்த குரலில்.

அன்று மாலைக்குள் தரை ஆறிவிட்டது. பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது, திரும்பி வரவே இல்லை. செல்லதுரையும் அம்சமும் பொங்கலுக்கு முன்பே காலி செய்தார்கள். கூத்தாநல்லூரில் ஒரு ராவுத்தர் வீட்டு மாடி கிடைத்தது. அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் பினாங்கில் இருந்தார்கள். சாவியைக் கொடுத்தபோது அவர் கேட்டதெல்லாம், "அங்கே டுரியான் பழம் இப்ப எப்படி?" என்பது மட்டும்தான். செல்லதுரையைப் பற்றி மொட்டைக்கடுதாசிகள் மேலதிகாரிகளுக்குப் போயின. அவனை அந்தப் பக்கத்து வயல்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

உத்தரவு சித்திரை கழிந்து வந்தது. மனை குடியிருந்தவர்களுக்கே. பஞ்சநதம் கோர்ட்டுக்குப் போகப் பார்த்தார்; வக்கீல் அந்தத் தாசில்தாரின் குறிப்பைப் படித்துவிட்டு வேண்டாம் என்றாராம். ஓடுகளையும் கதவு ஜன்னல்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நின்ற சுவர்களின் மேல் கீற்றைப் போட்டுக்கொண்டு செவ்வந்தி குடும்பம் உள்ளே போனது.

ஆடியில் அம்சம் அவர்களைப் பார்க்கப் போனாள். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. செவ்வந்தி ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். சிமெண்டை முழுக்கப் பெயர்த்துவிட்டுச் சாணம் மெழுகியிருந்தார்கள். வடக்குச் சுவரோரம் அடுப்பு எரிந்தது. அம்சத்தை நடுவீட்டில் உட்காரவைத்து, தட்டில் சோறும் கெண்டைமீன் குழம்பும் போட்டாள்.

"இப்பல்லாம் உச்சியில கண்ணு சொருகுதாக்கா?"

"இல்லம்மா. கட்டைய நீட்டுனா தூங்குறேன், அவ்வளவுதான்."

அம்சம் சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் செவ்வந்தி சட்டென்று கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோடு ஒதுங்கி, வாசலிலிருந்து நடுவீட்டுக்கு வழிவிட்டு நின்றாள். வாசலில் யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது.

"யாருக்கா?"

"பண்ணைக்காரரு" என்றாள் செவ்வந்தி கிசுகிசுப்பாக. "பெரிய வீட்டுல சாய்வு நாற்காலியில கண்ணு சொருகிக் கெடப்பாராம் இப்ப. எங்க நாத்தனாதான் அங்க கூட்டிப் பெருக்குறா, அவ சொன்னா. கூப்புட்டா முழிக்க மாட்டாராம். இங்க வந்து இப்புடித்தான் நடுவுல நிப்பாரு. சுவத்தத் தடவுவாரு. தரையப் பாப்பாரு."

"பயமா இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப பாவமாத்தான் இருக்கு. உக்காருங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன். சோறு போட்டு வச்சுப் பாத்துட்டேன். உக்காரவும் மாட்டேங்குறாரு, போகவும் மாட்டேங்குறாரு."

அம்சத்தின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு, நடுவீட்டிலிருந்து சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.